பீரோவுக்குப் பின்னால் ஒரு கோடு

பெங்களூர் ஜீவனஹள்ளியில் ரெமிஜியஸ் வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். மோரிக்காரர் வீடு என்று கேளுங்கள், வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். மாநகராட்சி வார்டு ஆபீஸில் ஒர்க் இன்ஸ்பெக்டர். மோரி என்றால் அந்த ஊரில் சாக்கடை; இருபது வருஷமாகச் சாக்கடையும் மழைத்தண்ணியும்தான் அவர் பிழைப்பு. தங்கமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

தொண்ணூற்றெட்டு அக்டோபரில் ஒரு சாயங்காலம், ரெண்டு மணி நேரத்தில் ஒரு மாசத்து மழை கொட்டித் தீர்த்தது. தெருக்கோடியில் கால்வாய்க்கு மேலே இருந்த சிறுபாலம் அத்தனை தண்ணியையும் விழுங்க முடியாமல் தெருவுக்குள்ளேயே திருப்பித் துப்பியது. ரெமிஜியஸ் வீட்டில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணி. மகள் அன்னாவின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் சமையலறைவரை மிதந்து போயின. புள்ளை தேம்பித் தேம்பி அழுதாள். அந்தப் பாலத்தைப் பெரிசாக்காமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே சபதம் போட்டார். பக்கெட்டும் கையுமாக நின்ற அவசரத்தில், தண்ணி எவ்வளவு உயரம் என்று அளந்து வைக்க மட்டும் தோன்றவில்லை.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்களே, பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வார்டு இன்ஜினியர் சீனிவாசராகவன் கூப்பிட்டார்.

"மழை இனிமே பழைய மழையா இருக்காதுங்க. அதுக்குத் தக்கபடி பாலங்களைப் பெரிசு பண்ணணும்னு மேல லிஸ்ட் கேக்கறாங்க. தண்ணி எவ்வளவு உயரம் நின்னுதுன்னு அத்தாட்சி வேணும். சுவத்துல கறை இருக்குமில்ல? பத்து வீட்டுல அளந்து திங்கக்கிழமை குடுங்க. இல்லேன்னா பழைய அளவுலயே கட்டிடுவாங்க. அப்புறம் முப்பது வருஷத்துக்கு யாரும் தொடமாட்டாங்க."

"அதுக்கென்ன சார், ஜமாய்ச்சிடலாம்!" என்று துள்ளிக்கொண்டு வந்தவர் தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்காத வீடு அந்தத் தெருவில் ஏது? விட்டுப்போன நாலு வீடும் பொங்கலுக்கு அடித்தாயிற்று. எல்லாருக்கும் முந்தி அடித்தது யார்? நம்ம ஆள்தான்! கறை தெரிந்தால் மானம் போகிறதென்று ரெண்டு கோட்டிங் அடிக்கச் சொன்ன மகராசன்.

வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்ட அவர் மனைவி மௌரீன் முந்தானையைத் திருகினாள்.

"ஒண்ணு சொன்னா கத்தமாட்டீங்களே?"

"சொல்லித் தொலை."

"வெள்ளையடிக்கச்சே பீரோவை நகர்த்தலைங்க. யார் அந்த கனத்தைத் தள்றதுன்னு, சுத்தி மட்டும் அடிக்கச் சொல்லிட்டேன்."

ரெண்டு பேரும் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். பின்னால் சுவரில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. மௌரீனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் ரெமிஜியஸ்.

"உன் சோம்பேறித்தனத்துக்குக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தறேன்டி!"

மறுநாள் டேப்பும் நோட்டுமாகத் தெருவில் இறங்கினார். எதிர்வீட்டு சாந்தகுமாரி வாசலிலேயே மறித்தாள்.

"எங்க வீட்ல எல்லாத்தையும் நகர்த்தித்தாண்ணா அடிச்சோம்!"

"அப்படியாம்மா? எங்க வீட்ல நகர்த்தல. வந்து பாரேன்."

வந்து பார்த்தாள். மௌரீன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் போய்த் தன் பீரோவின் ஒரு முனையைப் பிடித்தாள். அப்புறம் என்ன, எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைதானே! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானத்துக்குள் பதினாலு பீரோ நகர்ந்தது, பதினாலு கோடு கிடைத்தது.

மே மாசத்துக்குள் பாலம் ரெண்டு மடங்கு அகலத்தில் எழுந்துவிட்டது.

அக்டோபரில் மழை அதே கோபத்தோடு வந்தது. ரெமிஜியஸ் குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தோரம் நின்றார். தண்ணி ஏறியது, இன்னும் ஏறியது, பாலத்துக்கு ஒரு சாண் கீழே அடங்கி ஓடியது. தெருவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மனுஷன் வெட்கமில்லாமல் அழுதார்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது மௌரீன் கேட்டாள். "இந்தத் தரமாவது பீரோவை நகர்த்தச் சொல்லட்டுமா?"

"ஐயோ, தொட்டுடாதே! அடுத்த இன்ஜினியர் வந்து கேப்பாரு."