புதன்கிழமைக்கு ஓர் ஆள்

"இயல்பிலேயே ஒதுங்கி இருப்பவர், பொதுமக்களோடு தொடர்பில்லாத பணிக்கு மிகவும் உகந்தவர்" என்று நகராட்சியின் பணியாளர் கோப்பு வர்ணிக்கும் இளநிலை உதவியாளர், புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு நடுத்தெருவில் நின்று, பார்சல் கொண்டுபோகும் ஒருவருடைய சைக்கிள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருக்கிறார். பிடி உடும்புப்பிடி. "ஒரே நிமிஷம். மேல வந்து பார்த்துட்டு, ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடுங்க. பார்சல்ல என்ன கோழிக்குஞ்சா இருக்கு, மூச்சு முட்டிச் சாக?" பார்சல்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடி ஏறுகிறார். ஏறாமல் தப்பியவர்கள் அந்தத் தெருவில் குறைவு.

வயது ஐம்பத்து நான்கு. குள்ளம். நடக்கும்போது யாரையோ துரத்துவது போலவும், உட்காரும்போது இனி எழுந்திருக்கப்போவதில்லை என்பது போலவும் தோன்றும். கைப்பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள்: ஒன்று எழுதும், மற்றது எழுதாது. எழுதாதது இரவல் கேட்பவர்களுக்கு. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'அக்கா'. அவரைவிட மூத்த தலைமை எழுத்தருக்கும் அக்காதான்.

நகராட்சி அலுவலகத்தை ஒட்டி நிற்கும் மாடி வீடு அவருடைய பொறுப்பு. எழுபது ஆண்டுகளுக்கு முன் மரவியாபாரி ஒருவரின் மனைவி, கணவர் இறந்த பிறகு ஊருக்கு எழுதிக்கொடுத்த வீடு. மாடிக் கூடத்தில் பதினெட்டடி நீளத்துக்கு ஊரின் மர மாதிரி ஒன்று கிடக்கிறது. தெருத் தெருவாக, வீடு வீடாக, விரல் பருமனில் செதுக்கியது. சுவர்களில் முப்பத்தொரு எண்ணெய்ச் சித்திரங்கள். அந்த அம்மாளுக்கு ஊரின் மேல் அன்பு இருந்தது. நகராட்சியின் மேல் நம்பிக்கை இல்லை. ஆகவே தானப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை வைத்தார். புதன்கிழமைதோறும் பத்து முதல் பன்னிரண்டு மணிவரை வீடு திறந்திருக்க வேண்டும். அதற்குள் ஒருவராவது வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நகராட்சிச் சம்பளம் வாங்குகிறவர் கணக்கில் சேரமாட்டார். ஒரே ஒரு வாரம் தவறினாலும் வீடும் உள்ளே இருப்பவையும் நகராட்சிக்கே சொந்தம்; விற்கலாம், இடிக்கலாம். யாருமே பார்க்க வராத பொருள் யாரிடம் இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார் போலும்.

இருபத்தாறு ஆண்டுகளாக இப்படிப் புதன்கிழமைக்கு ஆள் பிடிக்கும் அக்காவுக்கு, அந்தச் சித்திரங்களைக் கண்டாலே ஆகாது. "இதை வரைஞ்ச ஆளுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு மாடுதான் தெரிஞ்சிருக்கு. துறைமுகத்துலயும் அதே மாடு, சந்தையிலயும் அதே மாடு, கல்யாண வீட்டுலயும் அதே மாடு எட்டிப் பாக்குது" என்பார். உண்மைதான், முப்பத்தொன்றிலும் மாடு உண்டு. ஆனால் வந்தவர் யாராவது மாட்டைப் பார்த்துச் சிரித்தால் முகம் சுருங்கிவிடும். "நான் சொல்லலாம். நீங்க நேத்துதான வந்தீங்க?"

மர ஊரைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். அவசரத்தில் மேலே ஏறியவர்கள்கூட அதன் முன்னால் குனிந்து தம் வீட்டைத் தேடுவார்கள். கண்டதும் கூரையை ஒரு விரலால் தொடுவார்கள். தொடாதீர் என்ற பலகைக்கு நேர் கீழேயே இது நடக்கும். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குச் சன்னலில் ஏதாவது வேலை வந்துவிடும்.

கையெழுத்துப் புத்தகங்கள் பதினான்கு. மழைக்கு ஒதுங்கியவர், கழிப்பறை தேடி வந்தவர், பல் பிடுங்கிய கையோடு வாய் கோணி நின்றவர் என்று சகலரும் அதில் இருக்கிறார்கள். கருத்து எழுதும் இடத்தில் ஒருவர், "மின்விசிறி மிக நன்றாக உள்ளது" என்று பாராட்டியிருக்கிறார். ஆள் சிக்காத நாளில் தொலைபேசி கணவருக்குப் போகும். பேருந்து ஓட்டுநர். நாற்பத்துமூன்று முறை வந்து கையெழுத்திட்டிருக்கிறார். ஒரு முறை கருத்துப் பகுதியில், "சாப்பாட்டில் உப்பு இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார். அக்கா அதை அடிக்கவில்லை. பொதுமக்கள் கருத்து.

போன வருடம் நகராட்சி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. தெருவிளக்குகள் ஒன்று விட்டு ஒன்று எரிந்தன. விற்கக்கூடியதை விற்றுத் தள்ள அரசாங்கம் ஓர் அதிகாரியை அனுப்பியது. ஒல்லியான, மரியாதையான, சின்ன வயதுக்காரர். விற்பனைக்கு உரியது என்று முடிவானால் அதன் மேல் சிவப்பு வில்லை ஒட்டுவார். பூங்காவின் நீரூற்று, கூட்ட அறையின் மேசை, வாசல் பீரங்கி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டன. உட்கார்ந்தபடி தூங்கிய காவலாளியின் நாற்காலிக்கும் ஒன்று விழுந்தது, "எனக்கும் சேர்த்தா, சார்?" என்று அவர் பதறி எழுந்தார்.

பிறகு அதிகாரி மாடி வீட்டுக்கு வந்தார். விடுதி கட்ட ஒருவர் வீட்டைக் கேட்டிருந்தார். மர ஊரைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து அனுப்பவும் ஆள் தயார். அதிகாரி அதன் விளிம்பில் ஒரு வில்லையை ஒட்டிவிட்டு, பத்திரத்தை எடுத்துப் படித்தார்.

"ஒரு வாரம் தவறியிருந்தா போதும், மேடம்."

"தவறல, சார்."

"எழுபது வருஷமாவா?"

"நான் வந்து இருபத்தாறு வருஷம். எனக்கு முன்னாடி இருந்தவர் என்னைவிடப் பிடிவாதக்காரர்."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினான்கு புத்தகங்களையும் நாள்காட்டியையும் அருகருகே வைத்து, வாரம் வாரமாக ஒன்பது நாள் சரிபார்த்தார். அக்கா வேளை தவறாமல் தேநீர் வைத்தார். அதிகாரியின் பேனா மை தீர்ந்து நின்றபோது, எழுதும் பேனாவையே எடுத்துக் கொடுத்தார். அலுவலகம் வாயைப் பிளந்தது. வீட்டில் கணவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. "வெட்ட வர்றவனுக்குக் கத்தி தீட்டிக் குடுக்கறியே, ஏம்மா?" என்று கேட்டார். பார்க்கிறவர் ஒழுங்காகப் பார்த்தால்தான் நமக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, அக்கா இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், பதினோராம் புத்தகத்தில், அதிகாரியின் விரல் நின்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. பக்கத்தில் ஒரே கையெழுத்து. புத்தகத்தை மெல்ல அக்காவின் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானே, மேடம்?"

"நான்தான்."

"நகராட்சிச் சம்பளம் வாங்கறவங்க சேரமாட்டாங்க. பத்திரத்துலயே இருக்கு."

"தெரியும், சார். எனக்கு அது மனப்பாடம்."

கதவோரம் நின்ற தலைமை எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி ஒரு சாக்கை எதிர்பார்த்தார். அக்கா சாக்குச் சொல்லவில்லை. "என் சர்வீஸ் புக்கை வரவழைச்சுப் பாருங்க. மூணாம் பக்கம்" என்றார்.

புத்தகம் வந்தது. அதிகாரி மூன்றாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து போய், மர ஊரின் விளிம்பில் ஒட்டியிருந்த சிவப்பு வில்லையை நகத்தால் உரித்து எடுத்தார்.

அந்தப் புதன்கிழமை ஊரில் வெள்ளம். பாலம் மூடியாயிற்று, கணவரும் பேருந்தும் அக்கரையில். தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஈ காக்கை இல்லை. அக்கா முந்தின நாளே வந்து மாட்டிக்கொண்டவர். அவரைத் தவிர அங்கே இருந்தவர் கோப்புகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்த அன்றைய நகராட்சிச் செயலாளர் மட்டும், அவரும் சம்பளக்காரர். பதினொன்றரை மணிவரை அக்கா சன்னலில் நின்று தெருவைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து வேலையை விட்டு விலகுவதாக எழுதிச் செயலாளரிடம் நீட்டினார். பைத்தியமா என்று அவர் கேட்டதற்கு, "மணியாகுது, கையெழுத்து போடுங்க சார்" என்றார். பதினொன்று நாற்பதுக்கு விலகல் ஏற்கப்பட்டது. ஊர்க்காரர் ஒருவராக முப்பத்தொரு சித்திரங்களையும் பார்த்து, பன்னிரண்டு அடிப்பதற்குள் புத்தகத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை, பதினோரு ஆண்டுப் பணிமூப்பு இல்லாமல், புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்.