நீலம் ஏறாத மூட்டை

மருந்துச் செடியின் சத்தை அளந்து சொல்லும் எங்கள் தொழிலில் செடி வாயே திறக்காது. பேசுவதெல்லாம் அதைக் கொண்டுவந்தவர்கள்தான். சோதனைக் குழாய் கழுவிக் கழுவி விரல் வெடித்த கூட்டாளிகளே, உங்களுக்கு இது புதுசா என்ன?

பச்சையும் நீலமும்

மீனாட்சிபுரம் பக்கம் ஒரு சின்ன லேபில் எனக்கு வேலை. மகளை அங்கன்வாடியில் அழவிட்டு ஓடிவந்தால், வடித்த இலைச்சாறு காத்திருக்கும். ரியேஜெண்ட் என்கிற மஞ்சள் சோதனைத் திரவம் விட்டு, சோடா உப்புக் கரைசல் சேர்த்து, இருட்டு அலமாரியில் கொஞ்ச நேரம் வைத்தால் நீலம் ஏறும். பீனால் என்கிற துவர்ப்புச் சத்து எவ்வளவு அதிகமோ, நீலம் அவ்வளவு அடர்த்தி. அதைக் கருவி எண்ணாகச் சொல்லும்.

ரங்கம்மா அக்கா ஆனைகட்டியில் இலை பறிக்கும் பெண்கள் குழுவின் தலைவி. அன்றைக்குச் சிறுகுறிஞ்சான் மூட்டையோடு வந்திருந்தார். மருந்துக் கம்பெனி கேட்ட அளவு சத்து இல்லாவிட்டால் மூட்டை திரும்பிவிடும். அடுத்த ஆர்டரும் போய்விடும். வேறு வேலை இல்லாத மாதங்களில் அந்த ஆர்டர்தான் அவர்களுக்குக் கஞ்சி. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, எங்க இலை பச்சையாத்தான இருந்துச்சு, நீங்க எதுக்குங்க நீலம் பூசறீங்க?"

இன்னொரு சொட்டு

நீலம் ஏறத்தான் ஏறியது, துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி. எண் குறைவு. மூட்டையின் அடியிலிருந்து இலை எடுத்து மறுபடி பார்த்தேன். அதே எண்.

"இன்னொரு சொட்டு ஊத்துனா ஏறாதுங்களா?" என்று அக்கா மெல்லக் கேட்டார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பொறுப்பாளர் ஷைனி சேச்சியைத் திரும்பிப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டபடியே சேச்சி சொன்னார்: "எனக்கும் சங்கடம்தான் மோளே, குழாய்க்கு அது தெரியாதே."

குளிப்பாட்டிய இலை

பழைய இலையைக் கலந்துவிட்டார்கள் என்று கம்பெனிக்காரர் மூட்டையைத் திருப்பிவிட்டார். அக்காவிடம் எப்படிக் காயவைத்தீர்கள் என்று கேட்டேன். போன தடவை இலையில் மண் இருக்கிறதென்று கம்பெனிக்காரர் முகம் சுளித்தாராம். அதனால் இந்தத் தடவை நன்றாகக் கழுவி, பொடிசாக அரிந்து, ஈரத்தோடு சாக்கில் கட்டிவைத்துவிட்டு அப்புறம் உலர்த்தியிருக்கிறார்கள்.

அரிந்த வாழைப்பூவை மோரில் போடாவிட்டால் கறுத்துப்போகுமே, அதே கதைதான். அரிந்த இடமெல்லாம் காற்றுப் பட்டுச் சத்து போயிருக்கிறது. சொன்னதும் அக்கா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அழுக்கா இருந்தாலும் குத்தம், குளிப்பாட்டுனாலும் குத்தமுங்களா?"

நடக்க இடமில்லாத வீடுகள்

சேச்சி பேசிப் பார்த்ததில், இன்னும் ஒரே ஒரு மூட்டை பார்க்கக் கம்பெனி சம்மதித்தது. இந்த முறை முழு இலையாகவே அலசி, தண்ணீரை உதறி, நிழலில் மெல்லிசாகப் பரப்பினார்கள். நடுவில் மழை பிடித்துக்கொள்ள, வீட்டுக்குள் தரை முழுக்க இலையை விரித்துவிட்டு, பிள்ளைகளோடு தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டார்களாம்.

பரிசோதனை முடியும்வரை அக்கா லேபுக்குள் வரவே இல்லை. நீலம் அடர்த்தியாக ஏறியது, எண்ணும் தேறியது. வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். குதிப்பார் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கலக்கலைன்னு நாங்க தலையில அடிச்சுச் சொன்னோம், கேக்கலை. இந்தத் தண்ணி சொன்னாத்தான் நம்புவாங்களாக்கும்."

ஒரு குழாய் நீலத்துக்காக ஒரு குழுவே தன் வீட்டுத் தரையை இலைக்கு விட்டுக்கொடுத்த பிறகும், "குழாய் கழுவறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கிற என் வீட்டுக்காரரை ஒருநாள் லேபுக்குக் கூட்டிவந்து கழுவவிட வேண்டும்.