இடது முன்காம்பு

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் மாட்டைப் பற்றியும் கேட்டார்கள். டெய்லரம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கணவர் போய் ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. வருகிறவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நல்ல மனுஷன்" என்பார்கள். ஒரு பெருமூச்சு. அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் விழிப்பார்கள். பிறகு, "மாட்டுக்கு ஏதோ சரியில்லையாமே" என்று எழுந்து கொட்டகைக்கு நடப்பார்கள். அங்கே போனதும் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும். கேட்காமல் கொள்ளாமல் குனிந்து மடியில் ஓர் அழுத்து. மாடு துள்ளும். "கல்லு மாதிரி இருக்கே" என்று புதுச் சேதியைப்போல அவளிடமே சொல்வார்கள்.

கண்டுபிடித்தவளே அவள்தான். சாவு வீட்டு அமளியில் அவளை யாரும் கொட்டகைப் பக்கம் விடவில்லை. "நீங்க உக்காருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று நாத்தனார் செம்பைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பார்த்துக்கொண்ட லட்சணம், பாதிப் பாலை மடியிலேயே விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அவளும் மறந்துபோனாள். ஒருவழியாக டெய்லரம்மாவே போய் உட்கார்ந்தபோது இடது முன்பக்க மடி வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் இஸ்திரிப் பெட்டிச் சூடு. காம்பிலிருந்து பாலோடு வெள்ளைத் திப்பிகள் விழுந்தன.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். சின்னக் குழாய் மருந்தைக் காம்புக்குள் ஏற்றினார்.

"மடிநோய்தான்மா. நல்லா இருக்கிற மூணையும் முதல்ல கறந்துடுங்க. இதைக் கடைசியா, தனிப் பாத்திரத்துல. வலியில உதைக்கும். பாவம்னு விட்டுடாதீங்க, ஒட்டக் கறக்கணும். சோப்பு போட்டுக் கை கழுவாம யாரும் தொடக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் எந்தக் காம்புப் பாலையும் வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க."

"நாலும் பழையபடி வந்துடுமா டாக்டர்?"

"பாப்போம். சில சமயம் அந்தப் பக்கம் வத்திப்போயிடும்."

பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "காது குடுத்துக் கேட்டியா? நாலு காம்பும் இருக்கும்போதே வித்துத் தள்ளிடணும். கொஞ்சம் தேறட்டும், நான் ஆளைக் கூட்டிட்டு வரேன். ஒத்தையில உனக்கு எதுக்கு இந்த இழுபறி?"

அவள் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். நாளைக் காலைக்குள் ஆறு சீருடை வேண்டும் என்றாலும் சரி என்பாள், பிறகு மிஷினோடு மல்லுக்கட்டுவாள். ஆனால் இந்த மாடு அவள் தைத்துச் சேர்த்த காசில் கன்றாக வாங்கியது. கண்டக்டராக இருந்த கணவருக்கு மாடென்றால் பயம். டிக்கெட் நீட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு நலம் விசாரிப்பார், அதோடு சரி. இப்போது அந்த வீட்டில் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டாத ஜீவன் அது ஒன்றுதான். அதையும் ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள்.

பம்பு தொழிற்சாலையில் தரச்சோதனை பார்க்கும் மகள் கொட்டகை வாசலில் வாளியும் சோப்பும் வைத்தாள். "தொடுவதற்கு முன் கை கழுவவும்" என்று அட்டையில் எழுதி மாட்டினாள். துக்கம் கேட்க வந்த ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் அதை நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா" என்று பாராட்டிவிட்டு, கழுவாத கையோடு உள்ளே போனார்.

"அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் மகள்.

"துக்கத்துக்கு வந்தவங்களைப் போய் என்னடீ சொல்றது?"

"அவங்க துக்கத்துக்கா வராங்க? மடியை அமுக்க வராங்க."

உள்ளே டெய்லரம்மா கறக்க உட்கார்ந்தாள். முதல் பீச்சைக் கறுப்பு லைனிங் துணியில் விட்டுப் பார்த்தாள். மூன்று காம்பிலும் சுத்தம். நான்காவதில் மணல் மணலாகத் திப்பி. காம்பை இழுத்ததும் உதை முழங்காலில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கை வைத்தாள்.

"நகரும்மா. அதைப் பிடிக்கிற விதம் இருக்கு" என்று கம்பவுண்டர் குனிந்தார்.

அவள் நகரவில்லை. "நீங்க ஊசி போடும்போது நான் வந்து சிரிஞ்சைத் தடவிப் பாத்தேனாண்ணே?"

கம்பவுண்டர் நிமிர்ந்து நின்றார். வாசலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு போனதுக்கு வந்தீங்க, சந்தோஷம். கூடத்துல போய் உக்காருங்க. இல்ல, கையைக் கழுவிட்டு வந்து வாலைப் புடிங்க."

அவர் கழுவிவிட்டு வந்து வாலைப் பிடித்தார். அன்று திப்பி மொத்தமும் வெளியே வந்தது. அதன் பிறகு வந்தவர்களுக்கு அட்டை தேவைப்படவில்லை, சேதி தெருவுக்குள் போய்விட்டது. "அந்தம்மா எரிஞ்சு விழுது" என்றார்கள். விழட்டும்.

வீக்கம் வடிந்தது. சூடு போயிற்று. கறுப்புத் துணியில் திப்பியும் இல்லை. ஆனால் அந்தக் காம்பில் பால் நீர்த்துக்கொண்டே வந்தது, ஒருநாள் காற்றுதான் வந்தது. டாக்டர் மடியைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது அவ்வளவுதாம்மா. மத்த மூணுக்கும் பழுதில்ல. அந்தப் பாலை இனிமே வீட்டுக்கு எடுத்துக்கலாம்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. நாத்தனார் மேல், தெரு மேல், கேட்காமல் கொள்ளாமல் போன மனுஷன் மேல். யாரிடம் காட்டுவது?

மாலையில் அண்ணன் வந்தார். "ஒண்ணு போச்சா? தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, வந்த வெலைக்குத் தள்ளிடலாம்."

"வேண்டாண்ணே."

"மூணு காம்பை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

"குடிக்கிற ஆளும் ஒண்ணு குறைஞ்சிருக்குல்ல."

அண்ணன் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் செம்பைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு வலது முன்காம்பைப் பிடித்தாள்.