பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான்

ஆம்பூரில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் நான் பார்த்த வேலையைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. ஷூ கம்பெனியில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களைத் தடுப்பு வைத்த மேசைகளில் உட்காரவைத்து விளையாட விடுவதுதான் வேலை. "இதுக்கா எம்.ஏ. படிச்ச?" என்றார் அப்பா.

விளையாட்டு இதுதான். ஒவ்வொருவருக்கும் முகம் தெரியாத ஒரு கூட்டாளி. முன்னால் இரண்டு பொத்தான். இடது பக்கம் பச்சை: கூட்டாளியோடு பங்கு போடுகிறேன். வலது பக்கம் சிவப்பு: எல்லாம் எனக்கே. இருவரும் பச்சை அமுக்கினால் இருவருக்கும் நல்ல புள்ளி. ஒருவர் மட்டும் சிவப்பு அமுக்கினால் அவர் அள்ளிக்கொண்டு போவார். இருவருமே சிவப்பு என்றால் இருவருக்கும் சொற்பம்தான். சுற்று சுற்றாக இதே ஆட்டம், முடிவில் புள்ளிக்குத் தகுந்த எவர்சில்வர் பாத்திரம்.

அமுக்கியதை வைத்து அவர்கள் மனசுக்குள் என்ன திட்டம் ஓடியது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். சிலர் எப்போதும் பச்சை, சிலர் எப்போதும் சிவப்பு. சிவப்புக்கு அடுத்த சுற்றிலேயே சிவப்பால் பதில் சொல்லிவிட்டு, பிறகு கோபம் தணிந்து பச்சைக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. நாங்கள் என்றால் நானும் அவளும். அவள் வேலூர்க்காரி, அங்கே என்னோடு அதே வேலையில் இருந்தாள். நான் அறையைப் பூட்டிவிட்டு வரும்வரை பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பாள். ஒன்றாக வேலூர் பஸ் ஏறுவோம். நான் வழியில் பள்ளிகொண்டாவில் இறங்கிவிடுவேன். அங்கிருந்து வீடுவரை எனக்குக் கால் தரையில் பாவாது.

அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். நேரே கேட்கத் தைரியம் இருந்தால் அடுத்தவர் மனசைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நான் ஏன் போகிறேன்?

அந்தச் சமயம் பார்த்து ஓர் அக்கா எங்கள் மண்டையைக் காயவைத்தார். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று கடைசிவரை ஒரே ஆட்டம். கூட்டாளி கொடுத்தாலும் பறித்தாலும் மாறவில்லை. இந்த ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் குஷியாகி, பாதி நம்பிக்கை பாதி எச்சரிக்கை, புதுவிதமான தந்திரம் என்று போர்டு நிறைய எழுதினார். அக்கா பாத்திரம் வாங்க வந்தபோது அவள் கேட்டேவிட்டாள்.

"இன்னா யோசிச்சு அமுக்கினீங்க, அக்கா?"

"இன்னாத்த யோசிக்கிறது? நான் கம்பெனில பேக்கிங்மா. லெப்ட் எடுத்தா அடுத்து ரைட். நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன், ஆனா ஆட்டம் வேகமாப் போச்சா, கை அது பாட்டுக்கு ஜோடி சேத்துக்கினு இருந்துச்சு."

அக்கா சிரிக்க, அவள் சிரிக்க, பேராசிரியரே சிரித்துக்கொண்டு போர்டை அழித்தார். பஸ்ஸில் போகும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் தினமும் காத்திருப்பதும் இப்படி வெறும் பழக்கமாக இருந்தால்? அல்லது எல்லோருக்கும் பச்சையே அமுக்குகிற பிறவியாக இருந்தால்? அவள் வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியை என் கையில் கொட்டினாள். மனசு குளிர்வதற்குள் கண்டக்டருக்கும் ஒரு கை கொடுத்தாள்.

வேறு வழியில்லை, நான் ஒரு சிவப்பு அமுக்கியாக வேண்டும். மறுநாள் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, அவளுக்கு முன்னாலேயே ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டேன். மாதனூர் தாண்டுவதற்குள் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். நல்லா இருந்ததைக் கெடுத்துக்கொண்டாயே மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் அவள் எப்போதும்போல வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டீக்கடை வாசலில் இல்லை, பெஞ்சில் இல்லை, எங்குமே இல்லை. போய்விட்டாள்! நான் துள்ளியதைப் பார்த்துப் பூக்கார அம்மா, "இன்னா தம்பி, வேலை கெடச்சிடுச்சா?" என்றார். பழக்கமாக இருந்தால் நின்றிருப்பாள். எல்லோருக்கும் பச்சை என்றாலும் நின்றிருப்பாள். இது எனக்கு, எனக்கே எனக்கென்று அமுக்கிய சிவப்பு! ஒருத்தி விட்டுவிட்டுப் போனதற்கு இவ்வளவு ஆனந்தப்பட்டவன் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் இன்னொரு வகை ஞாபகம் வந்தது. ஒரு சிவப்பைப் பார்த்துவிட்டால் அதன்பின் பச்சைப் பக்கமே போகாதவர்களும் எங்கள் ஆட்டத்தில் இருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் பயந்துகொண்டே போனேன். நின்றிருந்தாள், கையில் பொட்டலத்தோடு.

"நேத்து ஏன் நிக்கல?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"முந்தாநாள் நீங்க ஏன் நிக்கல? ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நின்னேன், பேஜாராப் போச்சு. அப்புறம் வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு, சாவியக் குடுத்துட்டு ஓடினீங்கன்னு. அதான் நேத்து நானும் ஒரு சிவப்பு."

"இனிமே?"

பொட்டலத்தில் பாதியை என் கையில் கொட்டினாள். "இனிமே நீங்க இன்னா அமுக்கறீங்களோ அதான்."

பஸ் வந்தது, ஏறினோம். பள்ளிகொண்டாவில் கண்டக்டர் விசில் அடித்து, "இறங்கல?" என்றார்.

"வேலூருக்கு ஒண்ணு குடுங்க" என்றேன்.