பிரவீனா டீச்சர் வைத்த பொட்டு

“எம்பொண்ணை பாஸ்டரு நிறுத்திட்டாருன்னு யாருமா சொன்னது? நீ பார்த்தியா?” கங்கையம்மாள் குழாயடியில் குடத்தை ணங்கென்று வைத்தாள்.

“நான் எங்கக்கா சொன்னேன்? ஓரிக்கை ஊரே சொல்லிக்கினு இருக்குது. மூணு வாரமா உம்பொண்ணு சண்டே கிளாஸ் எடுக்க வரலியே. எதுனா இல்லாமலா?” என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னி.

“மனப்பாடப் போட்டியில மார்க்கை மாத்திக் கூட்டிட்டோம்னு, பரிசைத் தூக்கிக்கினு தென்னேரி வரைக்கும் பஸ்சுல போயி, அந்தப் புள்ளைகிட்ட மன்னிப்பு கேட்டவ எம்பொண்ணு. உம்பேத்தி அனு, ரோட்டுல கெடந்த கொலுசை வீடு வீடாக் கேட்டுக் குடுத்துச்சே, யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சு? உன்னைப் பார்த்தா?”

பொன்னி தன் குடத்தை நகர்த்தி வழி விட்டாள். ஜெயித்த குடத்தோடு வீட்டுக்கு நடந்த கங்கையம்மாளுக்குத்தான் முகமெல்லாம் காந்தியது. நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

பிரவீனா பத்தாவது படிக்கையில் சாதிச் சான்றிதழுக்கு விசாரிக்க கிராம அலுவலர் வந்தார். கிறிஸ்தவர் என்று எழுதினால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. சாமி மாறினால் சேற்றில் குனிந்த முதுகு நிமிர்ந்துவிடுமா என்று கங்கையம்மாள் இன்றைக்கும் கேட்பாள். அன்றைக்கு அவரிடம் கேட்கவில்லை. வசனக் காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். மகளைப் பிடித்து இழுத்து நெற்றியில் பொட்டு வைத்தாள்.

“மாரியம்மன் கோயிலுக்குப் போவியாமா?”

“போவேன் சார்.”

இந்து என்று எழுதிய அந்தக் காகிதத்தில்தான் படிப்பு வந்தது, அரசாங்க ஆபீசில் தட்டச்சர் வேலையும் வந்தது.

போன மாதம் சண்டே கிளாஸில் பேதுரு தன் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பாடம். அனு எழுந்து, “டீச்சர், நீங்க எப்பனா அப்படிச் சொல்லியிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

“இல்லமா.”

பிள்ளைகள் அத்தனை பேரும் நம்பினார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லித்தான் பிரவீனா அழுதாள். அப்புறம் வகுப்புப் பக்கமே போகவில்லை.

நாலாவது ஞாயிறு காலையில் குளித்துத் தலை வாரி, வேதப்புத்தகத்தோடு சான்றிதழையும் பையில் வைத்தாள்.

“புள்ளைங்ககிட்ட சொல்லிடறேம்மா. நாளைக்கு ஆபீஸ்லயும் எழுதிக் குடுத்துடறேன்.”

“வேலை பூடும்டி.”

“தெரியும்.”

கங்கையம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். “பொய்யி என்னுது. பொட்டு வெச்சது நானு. நான் வந்து சொல்றேன், நீ இரு.”

“போவேன் சார்னு சொன்னது நான்தானேம்மா.”

மகளை எண்ணி ஊரிடம் அத்தனை பெருமை பேசியவள், அந்த மகளையே பொய்யோடு இருந்துவிடு என்று கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள். போ என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. அதுதான் அவளைக் கூசிக் குறுக வைத்தது. தலையைக் குனிந்தபடி கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

பிரவீனா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.