அனிஸ்ரனைக் கேட்டு நடந்தவன்

முரசுமோட்டை நிரோஜனுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவதுதான் தொழில். முல்லைத்தீவுக் கரையில் ஒரு தேவாலயப் பெருநாளுக்குப் போன இடத்தில்தான் அனிஸ்ரனைக் கண்டான். கடற்தொழில் செய்கிறவன், பாடகர் குழுவிலும் முன்னுக்கு நிற்பவன். பூசை முடிந்ததும் நேரே வந்து, "அண்ணை, உங்கட மைக் என்ர குரலைத் திண்டுபோட்டுது" என்று சண்டை பிடித்தான். பிறகு தானே குந்தியிருந்து வயர் சுற்றிக் கொடுத்தான்.

அடுத்த பெருநாளுக்கிடையில் இருவரும் புதுக்குடியிருப்பில் ஒரு வீடு எடுத்திருந்தார்கள். தொழில் கூட்டாளிகள் என்று ஊர் நினைத்தது. அவர்களும் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நிரோஜனின் முகம் மலர்ந்துவிடும். அனிஸ்ரன் கறிக்கு உப்புப் போட்டதை மறந்து இரண்டாம் தரமும் போடுவான். கேட்டால், "கடற்காரன்ர கறி இப்பிடித்தான்" என்பான். மழை நாளில் ஸ்பீக்கர் பெட்டிகளை நனையாமல் படங்கு விரித்து மூடிவிட்டு, இவர்கள் இருவரும் தெப்பமாக நனைந்து வீடு வந்து சேர்வார்கள்.

கதை மெல்ல மெல்ல அனிஸ்ரனின் தாய்மாமன் அல்பேர்ட்டின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் காலை தொலைபேசி வந்தது: அம்மாவுக்குச் சுகமில்லை. "பின்னேரம் வந்திடுவன்" என்று போனவன் வரவில்லை. தேடிப் போன நிரோஜனை அல்பேர்ட் தாய் வீட்டுப் படலையிலேயே மறித்தான்.

"அவன் கட்டாருக்குப் போட்டான். இனி இஞ்சால வராத."

பாஸ்போட்டே எடுக்காதவன் கட்டாருக்குப் போனானாம்.

பொலிசில் அதிகாரி கேட்டார்: "நீர் அவருக்கு ஆர்?"

"ஒரே வீட்டில இருக்கிறனாங்கள், சேர்."

"ரெண்டு ஆம்பிளையள் அப்பிடி இருக்கிறதே குற்றம், தெரியுமோ? சொந்தக்காரர் ஆரும் வந்து சொல்லட்டும். உம்மைப் பிடிச்சு உள்ள போடாமல் விடுறன், போம்."

பயத்தில் கொஞ்சக் காலம் வீட்டோடு கிடந்தான். பிறகு முடியவில்லை. அனிஸ்ரனின் தாய் யூலிற்றா கரையில் கருவாடு காயப்போடுகிற இடத்துக்குப் போகத் தொடங்கினான். அவர் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். இவன் பேசாமல் இருந்து மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவான். பல தரம் போன பிறகு ஒரு நாள், நிமிராமலே கேட்டார்.

"அவன் உன்னோட சந்தோசமா இருந்தவனோ?"

"ஓம் அம்மா. பாடிக்கொண்டே இருப்பார்."

"வீட்டில பாடுறதை அவன் எப்பவோ விட்டிட்டான்" என்றவர் அழத் தொடங்கினார். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னார். அவருக்கு அன்று உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை. அல்பேர்ட் சொல்லித்தான் மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். அல்பேர்ட்டும் வேறு இருவரும் அவர் கண் முன்னாலேயே மகனை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். "புத்தி சொல்லிக் கொண்டந்து விடுறம்" என்றதை நம்பியிருந்தார்.

"இதைப் பொலிசில சொல்லுவியளோ, அம்மா?"

"அல்பேர்ட் என்ர தம்பியெல்லே" என்றார். மிச்ச மீனையெல்லாம் திருப்பிப் போட்டு முடித்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழும்பினார். "வா, போவம்."

அதே அதிகாரி நிரோஜனைக் காட்டி, "இவர் ஏன் வந்தவர்?" என்று கேட்டார்.

"என்ர மகனோட வாழ்ந்தவர்" என்றார் யூலிற்றா. "இவரும் இஞ்சதான் இருப்பார்."

அல்பேர்ட்டும் மற்ற இருவரும் பிடிபட்டு, இப்போது பிணையில் நிற்கிறார்கள். அனிஸ்ரன் எங்கே என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. யூலிற்றாவின் வீட்டுக்குச் சொந்தக்காரர் வருவதில்லை. நிரோஜனைக் கரைப்பக்கத்துக் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவதில்லை. வழக்குத் தவணை வந்தால் இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள். வழி முழுக்க அவனைப் பற்றிய கதைதான்.

போன தவணைக்குப் போகையில் யூலிற்றா சொன்னார், "சின்னனில கடலெண்டால் அவனுக்குச் சரியான பயம். வள்ளத்தில ஏத்த வெளிக்கிட்டால் தென்னையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கத்துவான்."

"எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே!"

"உனக்கெப்பிடிச் சொல்லுவான்? பெருமையெல்லோ அடிச்சிருப்பான்."

பஸ்ஸுக்குள் இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். நீதிமன்றத்தடியில் இறங்கியபோது நிரோஜன் அவருடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அன்றும் வழக்குத் தள்ளித்தான் போனது. அடுத்த தவணைக்கும் வருவார்கள்.