எட்டரை மணிப் பண்ணை

நான் இரண்டு முறை ஓய்வு பெற்றவன். முதல் முறை, ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருந்து. சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். இனி நேரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாம் முறை, அதே கட்டடத்தின் மாடியில், வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் பார்த்து. இந்தக் குறிப்பு அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

முதல் நாள்

முதலாளியின் மகள் நந்தினி பெங்களூரில் கேம் கம்பெனியில் இருந்துவிட்டு, சொந்தமாகச் செய்வதென்று ஊருக்கே வந்துவிட்டார். அப்பாவிடம் கேட்டு வாங்கியது மாடியிலிருந்த, துணியைச் சரிபார்க்கிற பழைய செக்கிங் ஹால். சாய்வு மேஜைகளும் வரிசையாகத் தொங்கும் டியூப் லைட்டுகளும் அப்படியே இருந்தன. மேஜைகள் மீது துணிக்குப் பதில் கம்ப்யூட்டர்.

கேம் ஒரு விவசாயப் பண்ணை. எருமை, கோழி, மஞ்சள், மக்காச்சோளம், தண்ணீர் போதவில்லை என்றால் போர்வெல். ஆட்டக்காரர் தினமும் காலையில் எழுந்து வேலை பார்த்து இரவு படுக்க வேண்டும். இதை விளையாடிக் குறை கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்றார் நந்தினி. கீழே ஃபைனல் செக்கிங்கில் இருந்த ஆறு பெண்களைக் கூட்டி வந்தேன். டி-சர்ட்டில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது பெரிய காரியமா? சரசு அவர்களுக்குத் தலைவி. அப்படி யாரும் நியமிக்கவில்லை, குரல் அப்படி.

புரோகிராம் எழுதுகிறவர் பிரவீன். அன்றே எனக்கு ரகசியத்தைச் சொன்னார். பண்ணைக்காரர் படுத்ததும் புரோகிராம் மறுநாளைக்கான ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்கும். அதுதான் அன்றைய அதிர்ஷ்டம். எண் நல்லதாக இருந்தால் மஞ்சள் கொஞ்சம் கூடுதலாக விளையும், கோழி இரட்டைக் கரு முட்டை போடும், போரில் தண்ணீர் வரும் வாய்ப்பு கூடும். கெட்டதாக இருந்தால் எல்லாம் சற்றுக் குறையும். எண் எங்கேயும் கண்ணில் படாது. சுவரில் ஒரு பல்லி மட்டும் நல்ல நாளில் சத்தம் கொடுக்கும்.

"எண்ணைக் காட்டினா என்ன?" என்று கேட்டேன்.

"காட்டினா கணக்குப் போட்டு வெளையாடுவாங்க சார். அப்புறம் அது விவசாயம் இல்லீங்க, ஆபீஸ் வேலை."

ஒரு லாட் துணியில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லாமல் செய்யத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். கடைசிக் காலத்தில் அதிர்ஷ்டம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆறு போர், ஆறும் புழுதி

டெஸ்டிங்குக்கு ஒரு முறை வகுத்தோம். தினமும் புதுப் பண்ணை. பண்ணையின் ஏழாம் நாள் போர் போட வேண்டும். காலையில் கீழே எட்டரைக்குப் பெல் அடித்ததும் ஆறு பேரும் ஒன்றாகப் பண்ணையைத் தொடங்கும் பட்டனை அழுத்துவார்கள். பெல்லுக்கு முன்னால் வேலை தொடங்குவதும் பின்னால் தொடங்குவதும் அவர்கள் கைக்கே வராது.

போர் பொய்த்தால் திரையில் வெள்ளைப் புழுதி பறக்கும், கையிருப்பு போய்விடும், ஆட்டம் அநேகமாக அத்தோடு முடியும். முதல் நாள் ஆறு போரும் புழுதி. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் சரசு எழுந்து வந்தாள்.

"ஏனுங்க சார், ஆறு பேருக்குமா தண்ணி இருக்காது? பக்கத்துத் தோட்டத்துலயாச்சும் வரணுமில்லீங்க?"

பிரவீன் எட்டிப் பார்த்து, குலுக்கல் என்றால் அப்படியும் வரும் என்றார். தன் அறையில் அவர் போட்ட போரில் தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். சரசு அவர் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், போய் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு ஹாலில் நடந்ததை எந்த டெஸ்டிங் புத்தகத்திலும் படிக்க முடியாது. முதலில் எல்லோரும் வடகிழக்கு ஜலமூலையில் மட்டும் போர் போட்டார்கள். புழுதி. பிறகு எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போட்டார்கள். புழுதி. கடைசியில் சரசு, நீரோட்டம் பார்க்கிற தன் கொழுந்தனாரிடம் கேட்டுக்கொண்டு உடுமலைப்பேட்டைத் தேங்காய் ஒன்றோடு வந்தாள். அதை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மானிட்டர் முன்னால் மெதுவாக நகர்த்தினாள், நிமிர்கிற இடத்தில் தண்ணீர் இருக்குமாம். தேங்காய் ஒரு மூலையில் நிமிர்ந்து நின்றதை மற்ற ஐவரும் பார்த்ததாகச் சொன்னார்கள். அங்கேயும் புழுதிதான். மத்தியானம் தேங்காயைச் சட்னி அரைத்தார்கள்.

இன்று நினைத்தால் அந்த வாரம்தான் ஹாலின் நல்ல வாரம். ஆறு பேரும் ஒரே நாளில் நொடித்துப் போய், ஒரே டப்பாவில் சாப்பிட்டு, பிரவீனை ஒன்றாகத் திட்டினார்கள்.

இதற்கிடையில் கீழே பெரிய ஆர்டர் ஒன்று வந்துவிட்டது. தையல் மெஷின் போட இடமில்லை. வெள்ளிக்கிழமை மேலே வந்து கேமைப் பார்ப்பதாகவும், சரிப்படாது என்றால் ஹாலைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் முதலாளி சொல்லி அனுப்பினார். நந்தினி அன்று சாப்பிடவில்லை.

புதன்கிழமை சரசு பையனின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு பெர்மிஷனில் தாமதமாக வந்தாள். மற்ற ஐந்து பேருக்கும் புழுதி. இவளுக்குத் தண்ணீர். கைராசி என்று எல்லோரும் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். வழக்கத்தை விட என்ன மாற்றிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க சார். லேட்டா வந்தனுங்க, அவ்வளவுதான்."

ஐந்து துணி ரோலில் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் அது தற்செயல் இல்லை. நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி கெட்டிருக்கிறது. பிரவீனிடம் போய், குலுக்கல் எதிலிருந்து தொடங்குகிறது என்று கேட்டேன். பண்ணை தொடங்கும் மணியும் நிமிஷமும்தான் விதை என்றார். சொல்லி முடிக்கும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஒரே நிமிஷத்தில் தொடங்கினால் ஒரே அதிர்ஷ்டம்தான் வரும். ஏழாம் நாள் எங்கே தோண்டினாலும் ஒரே முடிவு. ஆறு பண்ணை இல்லை, எட்டரை மணிப் பண்ணை ஒன்றைத்தான் ஆறு பேர் தினமும் உழுதிருக்கிறார்கள். தற்காலிகமாக எழுதி வைத்ததை மாற்ற மறந்துவிட்டாராம். தற்காலிகம் என்று எழுதியதுதான் எந்த ஆபீசிலும் நிரந்தரம்.

சாயங்காலத்துக்குள் சரி செய்துவிட்டார். மறுநாள் இரண்டு பேருக்குத் தண்ணீர், நான்கு பேருக்குப் புழுதி. அன்று சாப்பாட்டு டப்பாக்கள் தனித்தனியாகத் திறந்தன.

வெள்ளிக்கிழமை

முதலாளி வருவதற்கு முன் பிரவீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று மட்டும் அதிர்ஷ்ட எண்ணை ஏற்றி வைக்கலாமா என்று கேட்டார். எனக்குப் புதிதில்லை. சரக்கு வாங்குகிற பையரின் ஆள் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும்போது நல்ல கார்ட்டன்களை முன்வரிசையில் அடுக்கும் கலைதான் இது. நந்தினி கேட்டுவிட்டு, அப்பா பின்வரிசைக் கார்ட்டனை உருவிப் பார்க்கிறவர், வேண்டாம் என்றார்.

முதலாளி உட்கார்ந்தார். மௌஸைப் பிடிக்கத்தான் தடுமாறினார். எருமைக்கும் வரப்புக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பண்ணை செழித்தது. ஏழாம் நாள் போர் போட்டார். புழுதி. எருமையை விற்று இரண்டாவது போட்டார். புழுதி. நிலத்தில் பாதியை விற்றார். மூன்றாவதும் நான்காவதும் புழுதி. திரையைப் பார்த்தபடியே மகளிடம் கேட்டார்:

"அம்மணி, அடுத்ததுல தண்ணி வரும்னு உள்ளார ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

எழுதி வைத்திருந்தார்கள். நான்கு பொய்த்தால் ஐந்தாவது கட்டாயம் வரும். ஆட்டக்காரர் வெறுத்துப் போகாமலிருக்க எல்லாக் கம்பெனியும் ரகசியமாகச் செய்கிற ஏற்பாடு. நந்தினி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆமாங்கப்பா. அஞ்சாவது வந்துருங்க."

முதலாளி மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "எங்கப்பன் தோட்டத்துல ஏழு போட்டாரு, ஏழும் புழுதி" என்றார்.

"அந்த அஞ்சாவதை எடுத்துரு கண்ணு."

"எடுத்தா பாதிப் பேரு வெளையாட்டை விட்டுட்டுப் போயிருவாங்கப்பா."

"போகட்டும். நாமளும் அப்படித் தோட்டத்தை உட்டுப்போட்டு வந்தவங்கதான்."

எழுந்து நின்று, பாதி விற்றுப்போன அந்தப் பண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க குவாலிட்டி, தையல் மெஷினை நம்ம அருள்புரத்து ஷெட்ல போட்டுக்கலாமுங்க. இவங்க இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நந்தினி அன்றே அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார். ஆனால் அப்பா சொன்னதை அப்படியே விடவில்லை. முன்பு கையிருப்பு தீர்ந்தால் ஆட்டம் முடியும். இப்போது, எல்லாம் போனவர் மறுநாள் காலை எழுந்தால் ரோட்டோரம் ஒரு டவுன் பஸ் நிற்கும். ஏறினால் டவுனுக்குப் போகும். அங்கே பனியன் கம்பெனியில் வேலை இருக்கும். கேம் வெளிவந்த பிறகு ஆட்டக்காரர்கள் போர் மோசடி என்று திட்டி எழுதினார்கள். எழுதிவிட்டு, பஸ்ஸில் ஏறினார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். குலுக்கல் கெட்டதாக விழுந்தால் அதைத் தொடாதீர்கள். மறுநாள் காலை அந்த ஆள் எங்கே போவார் என்பதை மட்டும் எழுதி வையுங்கள்.